ஸ்பிட்ஸின் 'ரீசைக்கிள்': குழுவே வேண்டாமென்ற தொகுப்புக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன்

பழையதட்டு · பதிவு 1

அடிக்க வர்றவங்க வரிசையில நில்லுங்க, நான் முதல்ல சொல்லி முடிச்சிடுறேன். ஜப்பானிய ராக் குழு ஸ்பிட்ஸை யாருக்காவது புதுசா அறிமுகப்படுத்தணும்னா நான் கையில கொடுக்கிறது 'ரீசைக்கிள்' தான். 'சைக்கிள் ஹிட்' இல்லை.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. 'ரீசைக்கிள்' 1999 டிசம்பர் 15-ல் அவங்களோட இசைத்தட்டு கம்பெனி பாலிடோர் போட்ட ஹிட் பாட்டுத் தொகுப்பு. 13 பாட்டு. இருபது லட்சம் பிரதிக்கு மேல வித்தது. ஆனா குழு கேட்டு வந்ததில்லை. பாடகர் குசானோ மசமுனே, பெஸ்ட் ஆல்பம்னு ஒண்ணு வந்தா அது குழு கலையும்போதுதான்னு சொல்லிக்கிட்டிருந்த ஆள். கலையிற எண்ணமே இல்லாம, மயாமியில அடுத்த பாட்டுக்கு மிக்ஸிங் வேலையா இருந்தப்ப, கம்பெனி இப்படி ஒண்ணு போடப்போகுதுன்னு சேதி போய்ச் சேர்ந்தது. 'மயாமி அதிர்ச்சி'ன்னு அதுக்குப் பேரே வெச்சிட்டாங்க. 2006-ல் குழு சம்மதத்தோட 'சைக்கிள் ஹிட்' இரண்டு பாகமா வந்ததும், ரீசைக்கிளை அச்சிடுறதையே நிறுத்திட்டாங்க.

அந்தக் கைவிட்ட பிள்ளைக்குத்தான் நான் பேச வந்திருக்கேன்.

தொகுப்போட முதல் பாட்டு 'கிமி கா ஒமோய்தே நி நரு மாயே நி'. நீ வெறும் நினைவாப் போறதுக்கு முன்னாடி, என்பது தலைப்பு. 1993 அக்டோபர்ல வந்தது. கடைசிப் பாட்டு 1998-ன் 'கயேதே'. அதோட பல்லவி சயோனாராலதான், அதாவது பிரியும்போது சொல்ற சொல்லாலதான் ஆரம்பிக்கும். பிரிஞ்சிடுவோமோங்கிற பயத்துல கிளம்பி, சரி பிரிஞ்சாச்சுன்னு தலையாட்டுறதுல முடியுது. யாரும் உட்கார்ந்து யோசிச்சு அடுக்கலை. ஏழாவது சிங்கிள்ல (ஒண்ணு ரெண்டு பாட்டோட தனியா வர்ற சிடி) ஆரம்பிச்சு பத்தொன்பதாவது வரைக்கும் தேதி வரிசையில வெச்சிருக்காங்க. குமாஸ்தா வேலை. ஆனா கேட்டா ஒரே ஆளோட அஞ்சு வருஷம் மாதிரி இருக்கு.

சைக்கிள் ஹிட்ல இந்தக் கோடு நடுவுல முறியுது. முதல் பாகம் 'யுமே ஜா நாய்' பாட்டோட நின்னுடும். 'உன்மெய் நோ ஹிதோ' அடுத்த பாகத்துக்குப் போயிடும். எனக்கு அந்த ரெண்டும் அடுத்தடுத்து வரணும். முழு சிங்கிள்களும் இருக்கிறதால அது ஆவணக் காப்பகத்துக்கு நல்லது. ஒரே மூச்சுல நான் கேட்டதில்லை.

இன்னொண்ணு. என் பிரதி பழைய சிடி. ஜப்பான்ல இருந்து ஒரு நண்பர் கொண்டுவந்து கொடுத்தார். உள்ள இருக்கிற சின்னப் புத்தகத்துல, முன்னாடி வெச்சிருந்தவர் சில பாட்டுக்குப் பக்கத்துல பென்சில்ல எண் போட்டிருக்கார். ராபின்சனுக்கு 4. செரிக்கு 3. கயேதேக்கு 3. 'சோரா மோ தொபேரு ஹஸு'வுக்கு 3 போட்டு அழிச்சு 4. 'நகிசா'வுக்கு ஒண்ணுமில்லை. அஞ்சுக்கு இத்தனைன்னு மதிப்பெண் போலிருக்கு. நகிசாவுக்குச் சுழியம் கொடுத்த மனுஷனை மன்னிக்கவே முடியலை.

நீலவண்டி · பதிவு 2

வரிசையில முதல் ஆள் நான்தான்.

உங்க 'ஒரே ஆளோட அஞ்சு வருஷம்' கேட்க அழகா இருக்கு. அந்த ஆளுக்கு அதுக்கு முன்னாடி ரெண்டரை வருஷம் இருந்துச்சே, அது எங்கே? 1991 மார்ச் 25-ல் அறிமுகமான பாட்டு 'ஹிபாரி நோ கொகோரோ'. அது தொகுப்புல கிடையாது. 'நட்சு நோ மமோனோ' கிடையாது. 'மஜோ தபி நி தேரு' கிடையாது. 'ஹினாத்தா நோ மாதோ நி அகொகரேதே' கிடையாது. முதல் ஆறு சிங்கிளும் காலி. ஏன்? விக்கலை. கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்னு பேர் வெச்சா விக்காததை எப்படிப் போடுவாங்க. ஏழாவதுல ஆரம்பிச்சதுக்குக் காரணம் உங்க பிரிவுக் காவியம் இல்லை, விற்பனைக் கணக்கு.

இன்னும் மோசம், ரெட்டை ஏ-பக்கம், அதாவது ரெண்டு பாட்டையும் முதன்மைப் பாட்டா வெச்சு வந்த சிங்கிள்ல பாதியைப் பிடுங்கிட்டாங்க. 'ட்சுமெதாய் ஹோஹோ' இருக்கு, அதோட ஜோடி 'ஷியே ஷியே' இல்லை. 'கயேதே' இருக்கு, 'ஸ்பிகா' இல்லை. ஸ்பிகா இல்லாம ஒரு ஸ்பிட்ஸ் தொகுப்பு! 2002-ல் மத்த கலைஞர்கள் ஸ்பிட்ஸ் பாட்டைப் பாடின ட்ரிப்யூட் ஆல்பத்துல பாடகி ஷீனா ரிங்கோ தேடி எடுத்துப் பாடினது அந்தப் பாட்டை. ஸ்பிகாவும் உள்ள வந்திருந்தா கடைசியில உங்க சயோனாரா கதை என்னவா ஆகியிருக்கும்?

அப்புறம் முக்கியமான விஷயம். இவங்க மென்மையான காதல் பாட்டுக்காரங்கன்னு ஊரெல்லாம் முத்திரை விழுந்ததுல இந்த சிடிக்குப் பெரிய பங்கு இருக்கு. அதுக்குக் குழு கொடுத்த பதில்தான் 2000-ல் வந்த 'ஹயாபுசா' ஆல்பம். கிதார் முழக்கத்தைக் கேளுங்க. '8823' பாட்டைக் கேளுங்க. (எண்களை ஜப்பானிய முறையில படிச்சா ஹயாபுசான்னே வரும்.) ரீசைக்கிளை வாங்கின இருபது லட்சம் பேர்ல எத்தனை பேர் அதைக் கேட்டாங்க?

ஏழாம்தந்தி · பதிவு 3

நீலவண்டி அண்ணன் சொல்றது சரி, ஆனா ஹயாபுசாவை ஒரே கோபத்துல செஞ்ச பதிலடின்னு படிக்கிறது கொஞ்சம் மிகை. ரீசைக்கிளுக்கு முன்னாடியே அவங்களுக்கு ஒலி பத்தி மனக்குறை இருந்துச்சு. 1998-ன் 'ஃபேக்ஃபர்' ஆல்பம் காதுல விழுந்த விதம் பிடிக்காமத்தான் அமெரிக்காவுக்கே போனாங்க. பத்து வருஷமா மேடையில சத்தமா வாசிக்கிற நாலு பேர், சிடியில மட்டும் மெலிஞ்சு கேட்டா யாருக்குத்தான் பொறுக்கும். ரீசைக்கிள் அந்த எரிச்சல் மேல எண்ணெய் ஊத்தியிருக்கும், அவ்வளவுதான்.

நான் வந்தது நகிசாவுக்காக. பென்சில்காரர் விட்டதை நான் எடுத்துக்கிறேன்.

இந்த வரிசையில நகிசா எட்டாவது. அதுக்கு முன்னாடி செரி. செரி முதல் வினாடியிலேயே கதவைத் திறந்து உள்ள வந்து உட்காரும் பாட்டு. கிதார் பழகுற புத்தகத்துல எல்லாம் இருக்கும், கையில பிடிச்சவன் எல்லாம் முதல் மாசத்துலேயே அதை நோண்டியிருப்பான். அது முடிஞ்சதும் நகிசா. முதல்ல சின்தசைசர் ஒலி, தண்ணிக்கடியில இருந்து குமிழி விடுற மாதிரி. குரல் கிட்டத்தட்டத் தனியா வரும். குழு மொத்தமா ஒரேடியா இறங்காது. ஹெட்போன்ல கேளுங்க, எந்த இடத்துல டிரம்ஸ் பாட்டைத் தன் கைக்குள்ள எடுத்துக்குதுன்னு. கடைசி நிமிஷத்துக்கு வந்தா தமுரா அகிஹிரோவோட பேஸ் கிதார் கயிறு அறுத்த கன்னுக்குட்டி. அவர் மேடையில ஓடி ஆடுறதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். குசானோ நட்டு வெச்ச கம்பம் மாதிரி நிப்பார், இவர் அந்தப் பக்கம் குதிச்சுக்கிட்டிருப்பார். அந்தக் காட்சியை அப்படியே ஒலியா மாத்தினா நகிசாவோட முடிவு.

செரிக்குப் பின்னாடி அது வந்தாத்தான் அந்தப் பள்ளம் தெரியும். அந்த ஒரு அடுக்குக்காக நான் பழையதட்டு கட்சி.

நீலவண்டி · பதிவு 4

தம்பி, செரி 1996 ஏப்ரல், நகிசா அதே வருஷம் செப்டம்பர். 13-வது சிங்கிளுக்கு அப்புறம் 14-வது. சைக்கிள் ஹிட்லயும் அதே வரிசைதான். கட்சி மாறினதுக்குக் காரணம் வேற சொல்லுங்க.

ஏழாம்தந்தி · பதிவு 5

மாட்டிக்கிட்டேன்.

மழைக்குருவி · பதிவு 6

வணக்கம் எல்லாருக்கும். நான் கனகாலமா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்த ஆள். இந்த இழையில வாய் திறக்காட்டி சரிவராது.

நான் ஸ்பிட்ஸுக்கு வந்தது 'ஹனி அண்ட் குளோவர்' அனிமேயால. அந்தக் கதைக்குப் பேர் வந்ததே ஸ்பிட்ஸின்ர 'ஹச்சிமிட்சு' ஆல்பத்திலயும் பாடகர் சுகா ஷிகாவோவின்ர 'க்ளோவர்' ஆல்பத்திலயும் இருந்துதான். ஹச்சிமிட்சு எண்டா தேன். 2005-ல வந்த அனிமேயில ரெண்டு பேரின்ர பாட்டுகளும் இடையிடையில வரும். ஆக்கள் கதைச்சுக்கொண்டு இருக்கேக்க மெல்லமாத் தொடங்கி, கதையை விழுங்கிப் போடும். அப்பிடி எனக்குள்ள வந்ததில கனக்க சிங்கிளே இல்லை, ஆல்பத்துக்குள்ள ஒளிஞ்சு கிடந்த பாட்டுகள். ஆனபடியா ரீசைக்கிளா சைக்கிள் ஹிட்டா எண்ட சண்டை எனக்கு அடுத்த வீட்டுச் சண்டை. 1995-ல வந்த ஹச்சிமிட்சுவை முழுசாக் குடுங்கோ, அதுதான் வாசல். ராபின்சனும் 'நமிதா கா கிராரி'யும் அதுக்குள்ளயே இருக்கு.

எண்டாலும் 'சோரா மோ தொபேரு ஹஸு' பற்றி ஒண்டு சொல்லோணும். இந்தத் தலைப்பை 'என்னால் பறக்க முடியும்' எண்டு தமிழில போட்டிருந்ததைக் கண்டு எனக்குப் பொறுக்கேல்லை. 'மோ' எண்டது எங்கட 'உம்' தான், அச்சொட்டா. வானத்தி*லும்*. மற்றதெல்லாம் ஏலும், அதுக்கு மேல வானமும் ஏலும் எண்ட மாதிரி. 'தொபேரு', பறக்கேலும். 'ஹஸு' தான் சிக்கல். அது உறுதி இல்லை. கணக்குப்படி இப்பிடித்தானே வரோணும் எண்ட எதிர்பார்ப்பு. பஸ் பத்து மணிக்கு வர வேணும், ஆனா இன்னும் காணேல்லை எண்டு நிக்கிற ஆளின்ர சொல்லு. எங்கட ஊர்ப் பேச்சில 'வானத்திலயும் பறக்கேலுமா இருக்கோணுமே' எண்டு சொன்னாத்தான் கிட்ட வரும். அந்த 'ஓணுமே'க்குள்ள இருக்கிற சந்தேகத்தை விட்டுட்டா, பாட்டு பள்ளிக்கூடச் சுவரில ஒட்டுற வாசகமாப் போயிடும்.

சைதாமாசித்தி · பதிவு 7

மழைக்குருவி, பள்ளிக்கூடச் சுவர்லதான்மா ஒட்டி வெச்சிருக்காங்க! இங்க ஜப்பான்ல அது பட்டமளிப்புப் பாட்டாவே ஆயிடுச்சு. என் பெண்ணோட பள்ளியில கோரஸா பாடினாங்க, கைக்குட்டையோட நானும் நின்னேன். 'இருக்கணுமே'ங்கிற உன் விளக்கத்தை அன்னைக்குப் படிச்சிருந்தா இன்னும் கொஞ்சம் அழுதிருப்பேன்.

அந்தப் பாட்டுக்கு ரெண்டு பிறவி. 1994-ல் முதல்ல வந்தப்ப பெரிசா ஓடலை. 1996 ஆரம்பத்துல 'ஹகுசென் நகாஷி'ங்கிற டிவி தொடருக்குப் பாட்டா வெச்சதும்தான் முதலிடத்துக்குப் போச்சு. பள்ளிக்கூடம் முடிக்கிற பிள்ளைங்க கதை அது. பட்டமளிப்போட பாட்டு ஒட்டிக்கிட்டது அப்படித்தான்.

ரீசைக்கிள் பத்தி. அந்த வருஷங்கள்ல ஜப்பான்ல சிடி விற்பனை எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சா பாலிடோர் செஞ்சது புரியும், சரின்னு சொல்லலை. 1997-ல் கிளே குழுவோட 'ரிவ்யூ', 1998-ல் பி'ஸ் குழுவோட 'ப்ளெஷர்'. ரெண்டும் 40 லட்சத்தைத் தாண்டின தொகுப்புகள். 1998-தான் இந்த நாட்டுல சிடி விற்பனையோட உச்சம். இங்க சிடிக்கு விலைக் கட்டுப்பாடு உண்டு, எந்தக் கடையிலயும் போட்ட விலைதான், தள்ளுபடி கிடையாது. அப்ப எப்பவாவது சிடி வாங்குற ஆள் என்ன நினைப்பார்? மூவாயிரம் யென் கொடுக்கிறேன், தெரிஞ்ச பாட்டு பதிமூணும் இருக்கட்டும்னு. பக்கத்து வீட்டுக் கம்பெனி தொகுப்பு போட்டுக் கல்லா நிரப்பும்போது, ராபின்சனும் செரியும் தலா 16 லட்சம் வித்த குழுவைக் கையில வெச்சுக்கிட்டு எந்த முதலாளி சும்மா இருப்பான்.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? ரீசைக்கிள் வந்த அதே 1999 மார்ச் 25-ல் குழு தானா ஒரு தொகுப்பு போட்டுச்சு, 'கச்சோஃபூகெட்சு'. சிங்கிள்களோட பின்பக்கத்துல கிடந்த பாட்டு, மத்தவங்களுக்கு எழுதிக் கொடுத்த பாட்டு எல்லாம் சேர்த்து. ராபின்சனுக்குப் பின்னாடி இருந்த 'ஒரே நோ சுபேதே', 'அவோய் குருமா'வுக்குப் பின்னாடி இருந்த 'நெகோ நி நரிதாய்', பஃபிங்கிற பாடகி ஜோடிக்குக் கொடுத்த 'ஆய் நோ ஷிருஷி' எல்லாம் அதுலதான். நீலவண்டி தேடுற ஸ்பிகாவும் அங்கதான் இருக்கு. தொகுப்புன்னா அவங்களுக்கு அது. ஓரத்துல கிடந்ததைத் தூசு தட்டி எடுக்கிறது. ஒன்பது மாசம் கழிச்சு கம்பெனி எல்லாருக்கும் தெரிஞ்சதை மறுபடி அடுக்கிப் போட்டுச்சு.

பழையதட்டு · பதிவு 8

சித்தி, கடைசிப் பத்தி எனக்கு எதிராப் போகுதுன்னு தெரியுது. ஆனாலும் கும்பிடு.

நீலவண்டி, விற்பனைக் கணக்குன்னு ஒத்துக்கிறேன். நான் முதல்லயே குமாஸ்தா வேலைன்னுதான் எழுதினேன். குமாஸ்தா எழுதின பட்டியல்ல கூட ஒரு குடும்பத்தோட கதை தெரியும். ரேஷன் கார்டைப் பாருங்க, யார் எப்ப சேர்ந்தாங்க, எந்தப் பேர் எப்ப அடிபட்டுச்சுன்னு எல்லாம் இருக்கும். எழுதினவர் கதாசிரியர் இல்லை.

மென்மையான காதல் பாட்டுன்னு முத்திரை விழுந்துச்சுன்னு சொல்றீங்க. விழுந்தது கேட்டவங்க காதுல கோளாறு. குசானோ தன் பாட்டெல்லாம் காமமும் சாவும் பத்தினதுன்னு பேட்டியில சொன்ன ஆள். உங்க பேர்லயே இருக்கே நீல வண்டி, 'அவோய் குருமா'. காதலியோட வண்டியில கடலுக்குப் போலாம்னு துள்ளலா வரும் பாட்டு. அந்தக் கடலுக்குப் போறவங்க திரும்ப வர்ற மாதிரி எனக்குத் தோணினதே இல்லை. அடுத்த பாட்டு 'ஸ்பைடர்'. கிதார் ஓட்டத்துல தலையாட்டிக்கிட்டே கேப்பீங்க. பாடுறவன் யாரு? உன்னைத் திருடிக்கிட்டு ஓடப்போறேன்னு சொல்ற சிலந்தி. இந்த ரெண்டும் அடுத்தடுத்து வந்து, அதுக்குப் பின்னாடி ராபின்சன் வருது. கல்யாண வீட்டுல போடுற பாட்டுன்னு நினைச்சு வாங்கின இருபது லட்சம் பேர் வீட்டுக்குள்ள இதெல்லாம் சத்தமில்லாம நுழைஞ்சிருக்கு. எனக்கு அது பிடிச்சிருக்கு.

நீலவண்டி · பதிவு 9

அவோய் குருமாவை என்கிட்டயே விளக்குறீங்க. சரி, அந்த வாசிப்பு எனக்கும் உடன்பாடு. அதுல சண்டை இல்லை.

சண்டை இதுலதான். ஒரு கலைஞன் 'இதை நான் செய்யலை, எனக்கு இது வேண்டாம்'னு சொன்னதுக்கு அப்புறம், கேட்கிறது உங்க இஷ்டம், அடுத்தவருக்குப் பரிந்துரை பண்றது என்ன நியாயம்? 2010-ல் பாடகி உதாதா ஹிகாருவோட ஆங்கிலப் பாட்டுகளை இன்னொரு கம்பெனி 'உதாதா தி பெஸ்ட்'னு தொகுத்துப் போட்டுச்சு. அதுவும் அவங்களோட சொந்த 'சிங்கிள் கலெக்ஷன்' இரண்டாம் பாகம் வந்த அதே நாள். எனக்கு இதுல விருப்பமில்லை, ரசிகர்கள் இதுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்னு அவங்களே சொன்னாங்க. நான் வாங்கலை. கேட்கக்கூட இல்லை. ஸ்பிட்ஸுக்கு மட்டும் வேற நியாயமா?

பழையதட்டு · பதிவு 10

பழைய சிடி வாங்கினா பாலிடோருக்கு ஒரு பைசா போகாது. அச்சே நின்னு போச்சு. நான் யாரை வாழ வைக்கிறேன்?

நீலவண்டி · பதிவு 11

காசைப் பத்தி நான் பேசவே இல்லையே. பேசினது பேச்சைப் பத்தி. அவங்க நாலு பேரும் 1987-ல சேர்ந்து இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கூட மாறலை. அப்படிப்பட்ட குழு இத்தனை வருஷத்துல வேண்டாம்னு சொன்னது ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணை மட்டும் எடுத்து இதுதான் வாசல்னு சொல்றீங்க.

ஏழாம்தந்தி · பதிவு 12

இது கொஞ்சம் வலிக்குது.

சைதாமாசித்தி · பதிவு 13

சண்டை சூடாகுது, நடுவுல ஒரு டீ. பேர் விளையாட்டை யாரும் சொல்லலையே? ரீசைக்கிள்னா மறுசுழற்சி. பழைய பாட்டிலைக் கழுவித் திரும்ப விக்கிற கதை. 2006-ல் குழு போட்டப்ப முன்னாடி இருந்த 'ரீ'யை வெட்டிட்டு 'சைக்கிள் ஹிட்'. ஜப்பான்ல சைக்கிள் ஹிட்ங்கிறது பேஸ்பால் சொல். ஒரே ஆட்டக்காரர் ஒரே ஆட்டத்துல ஒத்தை ஓட்ட அடி, ரெட்டை, மூணு, ஹோம் ரன் நாலையும் அடிச்சா அது சைக்கிள் ஹிட். பெரிய அடி மட்டும் போதாது, அந்த ஒத்தை ஓட்ட அடியும் இருந்தே ஆகணும். ஓடாத முதல் ஆறு சிங்கிளையும் உள்ள சேர்த்துக்கிட்ட தொகுப்புக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு பேர் வைக்க முடியுமா சொல்லுங்க. வெளியிட்ட தேதியும் பாருங்க, மார்ச் 25. அறிமுகமாகிச் சரியா 15 வருஷம்.

கோபம் வந்தாலும் கம்பெனியை விட்டு அவங்க போகலை. அதே வீட்டுல இருந்துக்கிட்டே அடுத்த ஆல்பத்தைச் சத்தமா வாசிச்சாங்க. ஆறு வருஷத்துக்கு மேல பொறுத்து, அந்த சிடியைக் கடையில இருந்து எடுக்கவும் வெச்சாங்க. எங்க மாமியார் இப்படித்தான் சண்டை போடுவாங்க.

பழையதட்டு · பதிவு 14

ஒத்தை ஓட்ட அடி விஷயம் தெரியாது சித்தி. இப்ப 'ஹிபாரி நோ கொகோரோ' போட்டுக் கேட்டுக்கிட்டிருக்கேன். நீலவண்டி கேட்கிற கேள்விக்கு என்கிட்ட முழுப் பதில் இல்லைன்னு எழுதிடுறேன். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. பாட்டெல்லாம் அவங்களோடதுதான், பதிவும் அவங்களோடதுதான். அவங்க வேண்டாம்னது அடுக்கை. அடுக்குங்கிறது கேட்கிறவனும் செய்யக்கூடிய வேலை. நானே இந்த 13 பாட்டையும் இதே வரிசையில என் போன்ல ஒரு பட்டியலாப் போட்டா அதைத் தடுக்க யாரும் இல்லை. இனிமே புதுசா வர்றவங்களுக்கு சிடி பேரைச் சொல்லாம அந்தப் பட்டியலைக் கொடுக்கலாம்னு இருக்கேன். ஸ்பிகாவையும் சேர்த்துக்கிறேன், கயேதேக்கு முன்னாடி. கடைசியா வர்றது கயேதேதான், அதுல பேச்சுக்கே இடமில்லை.

நீலவண்டி · பதிவு 15

கயேதேக்கு முன்னாடி ஸ்பிகா... இப்ப போட்டுப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. எரிச்சலா இருக்கு.

புதுக்காது · பதிவு 16

மன்னிக்கணும், நான் புது ஆள். 2023-ல் வந்த டிடெக்டிவ் கோனன் அனிமே படத்துல 'உட்சுகுஷீ ஹிரே' கேட்டுட்டு இங்க வந்தேன். இத்தனையும் படிச்சும் எதுல ஆரம்பிக்கணும்னு புரியலை. இன்னொரு சந்தேகம்: ராபின்சன் பாட்டுல ராபின்சன்னு வார்த்தையே வரலையே, யார் அவர்?

மழைக்குருவி · பதிவு 17

ராபின்சன் ஒரு ஆள் இல்லை, கடை! குசானோ தாய்லாந்துக்குப் போயிருந்தவர், அங்க ராபின்சன் எண்டு ஒரு பெரிய பல்பொருள் கடை இருக்கு. பாட்டுக்குச் சும்மா ஒரு தற்காலிகப் பேரா வெச்சது, அப்பிடியே நிண்டிட்டுது. ஜப்பான் முழுக்க உருகி உருகிக் கேட்ட பாட்டுக்கு பாங்கொக் கடையின்ர பேர்.

எதில தொடங்கிறது எண்டு கேட்டா நான் திரும்பவும் ஹச்சிமிட்சு எண்டுதான் சொல்லுவன். அவை ரெண்டு பேரும் சண்டை பிடிக்கட்டும், நீங்கள் தேனைக் குடியுங்கோ.

ஏழாம்தந்தி · பதிவு 18

புதுக்காது, ராபின்சனை முதல் தடவை கேட்கும்போது குரலை விட்டுட்டு மிவா தெத்சுயாவோட கிதாரை மட்டும் பின்தொடருங்க. தந்தி தந்தியாப் பிரிச்சு மீட்டிக்கிட்டே இருப்பார், எங்கயும் தன்னைக் காட்டிக்க மாட்டார். அந்த மீட்டல் இல்லாட்டி குரலுக்கு நிக்கத் தரையே இருக்காது. ரெண்டாவது தடவை சகியாமா தட்சுவோவோட டிரம்ஸ். அலட்டலே இல்லாத கை. மூணாவது தடவை குரலைக் கேளுங்க. பல்லவியில பிரபஞ்சக் காத்துல ஏறுறேன்னு சொல்லிட்டு, நிஜமாவே ஏறிடுவார். அந்த உயரத்துக்கு நான் பாடிப் பார்த்திருக்கேன். பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டி உடம்பு சரியில்லையான்னு கேட்டான்.

சைதாமாசித்தி · பதிவு 19

அட! ஏழாம்தந்தி சொன்னதும்தான் பொறி தட்டுச்சு. பழையதட்டு தம்பி, அந்தப் பென்சில் எண்களை மறுபடி சொல்லு. ராபின்சனுக்கு 4, செரிக்கு 3, கயேதேக்கு 3, சோரா மோ தொபேரு ஹஸுவுக்கு 3 அழிச்சு 4?

எண்ணுக்கு முன்னாடி சின்னக் கோடு ஏதாவது இருக்கான்னு பாரு.

பழையதட்டு · பதிவு 20

பொறுங்க சித்தி, எடுத்துட்டு வர்றேன்.

இருக்கு! நான் கிறுக்கல்னு நினைச்சு விட்டிருக்கேன். ராபின்சன்லயும் கயேதேலயும் தெளிவாத் தெரியுது. செரியில மங்கலா இருக்கு.

சைதாமாசித்தி · பதிவு 21

மதிப்பெண் இல்லைப்பா அது. மைனஸ் நாலு, மைனஸ் மூணு. கரோக்கே! குசானோ பாடுற சுதியில சாதாரண ஆம்பிளை யாராலும் பாட முடியாது. இங்க கரோக்கே அறையில மெஷின்ல பொத்தானை அழுத்திச் சுதியை ஒவ்வொரு படியா இறக்கிக்கலாம். எந்தப் பாட்டுக்கு எத்தனை படி இறக்கணும்னு ஆட்கள் குறிச்சு வெச்சுக்குவாங்க, என் வீட்டுக்காரரும் வெச்சிருக்கார். உன் ஆள் சிடி புத்தகத்துலயே குறிச்சிருக்கார். சோரா மோ தொபேரு ஹஸுவை மூணு இறக்கிப் பாடப் போயிருக்கார், எட்டலை, வீட்டுக்கு வந்து நாலுன்னு திருத்தியிருக்கார். நகிசாவுக்குச் சுழியம் கொடுக்கலை அவர். கூட்டத்துல அதைப் பாட துணிச்சல் வரலை, அவ்வளவுதான்.

நீலவண்டி · பதிவு 22

சரி, இந்த ஒரு பிரதியை மட்டும் நான் அங்கீகரிக்கிறேன்.

பழையதட்டு · பதிவு 23

நன்றி. மனுஷன்கிட்ட மனசுக்குள்ளயே மன்னிப்புக் கேட்டுட்டேன்.

இப்பத்தான் போன்ல ஒரு செயலியில சுதியை நாலு படி இறக்கி ராபின்சன் பாடிப் பார்த்தேன். எனக்கு ஆறு வேணும் போலிருக்கு. அவர் எண்ணுக்குப் பக்கத்துல பென்சில்ல சின்னதா எழுதிக்கிட்டேன்.